பாப்பாவுக்கு, அந்த ஜெருசலேம் போஸ்டர் பத்தி

அன்புள்ள பாப்பா, அப்பா எழுதுறேன். வாட்ஸ்அப்ல மெசேஜ் பாத்துட்டேன்னு காட்டுது, பதில்தான் வரல, அதான் மெயில்ல எழுதுறேன். அம்மாவுக்கு முட்டி வலி தேவல. நேரத்துக்கு சாப்பிடு.

நீ தீசிஸுக்கு எடுத்து வெச்சிருந்த யூத போஸ்டர்லாம் பெருசு பண்ணி திரும்ப திரும்ப பாக்குறேன். 1901ல சுவிட்சர்லாந்து பாசல் ஊர்ல நடந்த சியோனிஸ்ட் மாநாட்டுக்கு, அதான் பாலஸ்தீனத்துல யூதர்களுக்குன்னு தாயகம் வேணும்னு கேட்டவங்க மாநாட்டுக்கு, ஓவியர் லிலியன் வரைஞ்சது இருக்கே, முள்ளுக்கு நடுவுல குனிஞ்சு உக்காந்திருக்கற கிழவர், பின்னாடி தேவதை கை நீட்டி காட்டுது, தூரத்துல ஒருத்தன் சூரியனைப் பாத்து உழுதுட்டுப் போறான், ஊர் ஊரா துரத்தப்பட்ட சனம் சொந்தமா ஒரு துண்டு மண்ணுக்கு எவ்ளோ ஏங்கியிருந்தா இப்படி வரைய வரும் சொல்லு.

ஆனா என் மனசுல நிக்கறது கிராவுஸ்தான். ஆஸ்திரியாவுல பொறந்து, நீ இப்ப இருக்கற அதே பெர்லின்ல விளம்பரம் வரைஞ்சு பொழைச்ச மனுஷன், 1933ல ஹிட்லர் வந்ததும் கெளம்பி, 1934ல டெல் அவிவ் போய் சேந்து, அங்க சிகரெட்டுக்கும் சாக்லேட்டுக்கும் படம் போட்டு குடும்பம் நடத்தியிருக்கார். 1936ல டூரிஸ்டுகளுக்காக ‘பாலஸ்தீனத்தைப் பாக்க வாங்க’ன்னு அந்த போஸ்டர். முன்னாடி ஒரு மரம், கிளைக்கு அடியில மொத்த ஜெருசலேமும் தெரியுது, நடுநாயகமா முஸ்லிம்களோட பாறைக் குவிமாடம். நானே பிரஸ்ல கலர் ஓட்டினவன்தானே, தட்டையான கலரை வெச்சே இவ்ளோ ஆழம் காட்டுறது லேசுப்பட்ட வேலை இல்லம்மா. அங்க யூதர்களுக்காக நிலம் வாங்கின நிலநிதிக்காரங்க போஸ்டர்ல மண்வெட்டி புடிச்ச இளவட்டம், ஆரஞ்சு, கோதுமைன்னு வரும், அங்க ஏற்கெனவே குடியிருந்த அரபு சனம் பெரும்பாலும் கண்ணுலயே படாது. அதே 1936லதான் அவங்க கிளர்ச்சி ஆரம்பிச்சது, 1948ல 7 லட்சம் பேருக்கு மேல வீடு வாசல் போச்சு. இதையும் சேத்துதான் எழுதணும்னு நீ சொன்னப்ப எனக்கு எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமா, பழைய மிஷின்மேன் எல்லாரையும் கூப்பிட்டு சொன்னேன்.

1995ல டார்டகோவர்னு ஒரு இஸ்ரேல் டிசைனர் கிராவுஸோட அந்த போஸ்டரை மறுபடி அச்சடிச்சாரு, அப்புறம் பாலஸ்தீனக்காரங்களே வாங்கி வீட்டு சுவத்துல மாட்டினாங்க, எங்க ஊர் பேரு அப்பவே இதுல இருக்கு பாருன்னு. இதெல்லாம் எனக்கு சொல்லிக் குடுத்ததே நீதான். அப்பல்லாம் போன வெக்க மாட்ட. இப்ப தீசிஸ்னு எடுத்தாலே சிக்னல் இல்லங்கற. அம்மாகிட்டயும் அதே பதில்தான். அவ வெளிய சொல்லல, ஆனா ராத்திரி எந்திரிச்சு போனைப் பாக்குறா.

நான் ஒண்ணும் கேக்கல. காலேஜ்ல யாராவது ஏதாவது சொல்லியிருந்தாலும், நீயே வேண்டாம்னு நிறுத்தியிருந்தாலும், ரெண்டும் எங்களுக்கு ஒண்ணுதான். காசு பத்தி யோசிக்காத. நேரத்துக்கு சாப்பிடு, தூங்கு.

ஓவியர் ராபன் 1929ல பண்ண ‘பாலஸ்தீனத்துக்கு வாங்க’ போஸ்டர்ல எத்தனை கலர் ஓட்டியிருப்பாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம், நீ அனுப்புன படத்துல சரியா தெரியல. நல்ல ஸ்கேன் இருந்தா அனுப்பு. ஞாயித்துக்கிழமை கூப்பிடும்மா, வேற எதுவும் பேச வேண்டாம்னு தோணினா அதை மட்டும் பேசலாம்.

அப்பா