பெற்றோர் ஆசிரியர் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், தலைமை ஆசிரியர், செயற்குழுவினர், பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. குடிநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தோம், மைதானத்து வேலியைச் சரிசெய்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் தின்றது வேறொரு விஷயம்: வகுப்பில் போட்டுக் காட்டிய ஓர் அரசியல் தலைவரின் உரை. எந்தத் தலைவர் என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் இந்தக் கூட்டமும் அங்கேயே போய் நின்றுவிடும்.

மாணவர்களுக்காக அவர் பேசிய நேரடி உரையை எட்டாம் வகுப்பில் காட்டினார்கள். முந்தைய நாள் மாலை டைரியில் ‘நாளை உரை ஒளிபரப்பு’ என்று ஒரே வரி. மறுநாள் காலை வாசலிலேயே வாக்குவாதம். “பாடம் படிக்கத்தானே அனுப்புறோம், பிரச்சாரம் கேட்கவா?” என்றார் ஒருவர். “நல்லா படிங்கன்னு சொல்றது எப்படிங்க பிரச்சாரம் ஆகும்?” என்றார் இன்னொருவர். வேண்டாம் என்ற பெற்றோரின் பிள்ளைகளை வகுப்பாசிரியர் வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார். ஜன்னல் திறந்தே கிடந்தது. உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் கொட்டாவி விட, வெளியே இருந்தவர்கள் உரையை ஒரு வரி விடாமல் கேட்டுவிட்டார்கள்! சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு சிறுமி வீட்டுக்குப் போய், “நான் என்னம்மா தப்பு பண்ணேன், வெளிய உட்கார வெச்சாங்க?” என்று கேட்டிருக்கிறாள். அவள் அம்மா எழுதிய கடிதம் வந்த பிறகுதான் செயற்குழு இதை முறையாகக் கையில் எடுத்தது.

பேசிப் பார்த்ததில், உரையைக் காட்டியதே தப்பு என்றவர்கள் சிலர்தான். பலருக்கு உறுத்தியது பிறகு கொடுத்த பயிற்சி. ‘தலைவரின் கனவை நிறைவேற்ற நீ என்ன செய்வாய்?’ என்று பத்து வரி எழுதச் சொல்லியிருந்தார்கள்.

இதே கதை முன்பே நடந்திருக்கிறது. 2009 செப்டம்பர் 8 அன்று அமெரிக்க அதிபர் ஒபாமா வர்ஜீனியாவில் ஒரு பள்ளியிலிருந்து மாணவர்களிடம் பேசினார். அதற்காகக் கல்வித்துறை அனுப்பிய குறிப்பில், அதிபருக்கு உதவ என்ன செய்யலாம் என்று மாணவர்கள் கடிதம் எழுதலாம் என ஒரு வரி இருந்தது. அதற்குத்தான் பெரிய எதிர்ப்பு. பிறகு, தங்கள் கல்வி இலக்குகளை எட்டுவது பற்றி எழுதலாம் என்று அதை மாற்றினார்கள். உரையின் வாசகத்தையும் முந்தைய நாளே வெளியிட்டார்கள். அப்படியும் சில பள்ளிகள் காட்டவில்லை, சில பதிவு செய்து பிறகு காட்டின, சில விருப்பமில்லாதவர்களுக்கு விலக்குக் கொடுத்தன. 1991 இல் அப்போதைய அதிபர் மூத்த புஷ் இப்படிப் பேசியபோது குறை சொன்னவர்கள் ஒபாமாவின் ஜனநாயகக் கட்சியினர். நாற்காலியில் ஆள் மாறினால் கோபப்படுகிறவரும் மாறுகிறார். நம் கூட்டங்களிலும் இதைக் கண்டேன், பெயர் வேண்டாம். 2014 ஆசிரியர் தினத்தில் பிரதமர் மோடி பேசியபோதும் கட்டாயமா என்ற கேள்வி கிளம்பி, விருப்பம்தான் என்று மத்திய அமைச்சர் விளக்க வேண்டியதாயிற்று.

சட்டம் படித்த ஓர் உறுப்பினர் இங்கிலாந்து வழக்கு ஒன்றைச் சொன்னார். அங்கே 1996 கல்விச் சட்டப்படி, அரசியல் விஷயம் வகுப்புக்கு வந்தால் எதிர்க்கருத்துகளையும் சமநிலையோடு தர வேண்டும். அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோரின் பருவநிலை ஆவணப்படத்தை அரசு பள்ளிகளுக்கு அனுப்பியதை எதிர்த்து ஒரு தந்தை நீதிமன்றம் போனார். 2007 இல் வந்த தீர்ப்பு படத்தைத் தடை செய்யவில்லை. ஆசிரியருக்கான விளக்கக் குறிப்போடு காட்டலாம் என்றது. எனக்கு இது பிடித்திருந்தது. செயற்குழுவில் எல்லாருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது.

சரி, முடிவுக்கு வருகிறேன். இனி உரை எது, எப்போது, அதன்பின் என்ன பயிற்சி என்பதை மூன்று வேலை நாள் முன்பே பெற்றோருக்குத் தெரிவிக்கப் பள்ளி ஒப்புக்கொண்டது. விலக்குக் கேட்கும் பிள்ளைகள் நூலகத்தில் ஓர் ஆசிரியரோடு இருப்பார்கள். காரணம் கேட்கக் கூடாது, வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லவும் கூடாது. பயிற்சியில் ‘பேச்சில் எது தகவல், எது கருத்து?’ போன்ற கேள்விகளே இருக்கும். ஆட்சேபத்துக்குப் பதில் சொல்வது தலைமை ஆசிரியரின் வேலை. அன்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கியவர் பணிக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத வகுப்பாசிரியர். அவரிடம் கழகத்தின் சார்பில் நான் வருத்தம் தெரிவித்தேன்.

ஒன்று மட்டும் தீரவில்லை. ஆளும் தரப்பின் உரையைக் காட்டினால், எதிர்த்தரப்பின் உரையையும் அதே அளவு நேரம் காட்ட வேண்டும் என்று சில பெற்றோர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படிப் போனால் பாடம் எப்போது நடத்துவது என்கிறார்கள் ஆசிரியர்கள். இரண்டு முறை பேசியும் செயற்குழுவில் உடன்பாடு வரவில்லை. ஆகவே அந்த மனுவை இன்று பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். அதற்கு முன் பொருளாளர் கணக்கை வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்