ஆஞ்சியோகிராமுக்கு முந்தைய நாளே தமிழில் விளக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதயத் தமனிகளில் அடைப்பு இருக்கிறதா என்று எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்கும் ஆஞ்சியோகிராம் சோதனை எனக்குச் செய்து ஓராண்டு ஆகிறது. அதற்கு முந்தைய இரவு, நெஞ்சைத் திறந்துதான் பார்ப்பார்கள் என்றும், மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருப்பேனோ மாட்டேனோ என்றும் எண்ணி நான் கண் மூடவில்லை. காலையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்களே தவிர, உள்ளே என்ன நடக்கும் என்று எவரும் சொல்லவில்லை. சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை. அந்த அச்சம்தான் தேவையற்றது. மேசையில் படுத்த பிறகு நான் தெரிந்துகொண்டதை, இனி அங்கே படுக்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பெரியவர்களுக்கு இதற்கு முழு மயக்கம் பொதுவாகக் கொடுப்பதில்லை. மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ மரத்துப்போவதற்கான ஊசி போட்டு, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள வளையும் குழாயைத் தமனி வழியாக இதயம் வரை கொண்டுசெல்கிறார்கள். அந்த ஊசி குத்தியதுதான் எனக்கு வலித்தது. குழாய் நகர்ந்தது தெரியவே இல்லை. ஆனால் சிலருக்கு மணிக்கட்டுத் தமனி இறுகிக்கொண்டு முன்கை வலிக்கும். அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காமல் உடனே சொல்லிவிட்டால், மருந்து செலுத்தித் தளர்த்துவார்கள். அறை மிகவும் குளிராக இருக்கும்; எக்ஸ்ரே கருவி முகத்தருகே வந்து சுழலும்போது இடித்துவிடுமோ என்று தோன்றும். படத்தில் தமனிகள் தெரிவதற்கான சாயத்தைச் செலுத்தும்போது சில விநாடிகள் உடல் முழுவதும் சூடு பரவி, சிறுநீர் கழிந்துவிட்டதோ என்றுகூடச் சிலருக்குத் தோன்றும். இதை முன்பே அறிந்தவர் திடுக்கிட மாட்டார். அறியாத நான், ஏதோ விபரீதம் நேர்ந்துவிட்டது என்றே நினைத்தேன்.

1929-இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் மருத்துவர் தம் கைச் சிரை வழியாகத் தாமே இதயம் வரை குழாயைச் செலுத்திக்கொண்டு, நடந்துபோய் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். அது உயிரைப் பறிக்கும் செயல் என்று அன்றைய மருத்துவர்களே அஞ்சியிருந்தார்கள் என்றால், இன்றைய பாமர நோயாளி அஞ்சுவதில் வியப்பென்ன?

ரத்தக் கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, மிக அரிதாக மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை நேரக்கூடும் என்பதையும் மறைக்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறு, சாயத்துக்கு ஒவ்வாமை, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பது ஆகியவற்றை நோயாளியும் தாமாகவே முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. படம் பார்த்த சில நிமிடங்களில், வெளியே காத்திருந்த என் மனைவியை அழைத்து, அடைப்பு இருக்கிறது, இப்போதே ஸ்டென்ட் (தமனியை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைக்கலாமா, எந்த வகை வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். மாரடைப்போடு வந்தவருக்கு ஒவ்வொரு நிமிடமும் உயிர். அங்கே கேள்வி கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆனால் நாள் குறித்து வந்த நோயாளியிடம், அடைப்பு இருந்தால் என்னென்ன வழிகள், மாத்திரை மட்டும் போதுமா, பைபாஸ் தேவைப்படுமா, ஸ்டென்டின் விலை என்ன என்பதையெல்லாம் முந்தைய நாளே பேச நேரம் உண்டு. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு விதித்தபோது மருந்து பூசிய ஸ்டென்டின் விலை 29,600 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அப்படியொரு வரம்பு இருப்பதே அன்று என் மனைவிக்குத் தெரியாது.

எனவே எல்லா மருத்துவமனைகளும் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் தர வேண்டும். படிக்க இயலாதவருக்கு முந்தைய நாளே ஒருவர் அருகில் அமர்ந்து படித்துக்காட்ட வேண்டும். வீடு திரும்பும்போது தரும் மாத்திரைச் சீட்டுக்கும் இது பொருந்தும். ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரினோடு கொடுக்கப்படும் இன்னொரு ரத்தம் உறையாமை மாத்திரையையும் பல மாதங்கள் விடாமல் எடுக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்துவிடக்கூடும். என் உறவினர் ஒருவர் பல் பிடுங்குவதற்காக இரண்டையும் தாமாகவே நிறுத்தி, ஒரு வாரத்துக்குள் மாரடைப்போடு மீண்டும் அதே மேசைக்குச் சென்றார். நிறுத்துமுன் இதய மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பது அவருடைய சீட்டில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
திருச்சி.