விரல் வீங்கினாலும் எடைதான் காரணமா?

ஆசிரியருக்கு,

கடந்த வாரச் சுகாதாரப் பக்கத்தில் மூட்டுவலி பற்றி வந்த கட்டுரை, எடையைக் குறைத்தால் வலி போய்விடும் என்கிறது. முழங்கால் தேய்மானத்துக்கு அது ஓரளவு சரி. முடக்குவாதத்தையும் அதே சாக்கில் போட்டுக் கட்டியதுதான் பிழை.

எங்கள் பக்கம் கொஞ்சம் உடம்பான பெண் கை கால் உளைவு என்று போனால், "முதலில் எடையைக் குறையுங்கோ" என்றுதான் சொல்கிறார்கள். என் அக்காவுக்கும் அதுதான் நடந்தது. விடிய எழும்பினால் ஒரு மணித்தியாலத்துக்கு விரல் மடங்காது, பிட்டுக்கு மா குழைக்க முடியாது. தராசில் ஏற்றினார்களே தவிர விரல்களை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. உடம்புப் பாரம் விரல் மூட்டில் எங்கே இறங்குகிறது?

நோய் எதிர்ப்புச் சக்தி நம் மூட்டின் உட்சவ்வையே தாக்குவதுதான் முடக்குவாதம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. எடைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. கொழுப்புத் திசு சும்மா கிடப்பதில்லை, அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரக்கிறது. அமெரிக்கத் தாதியரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பருமனான பெண்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்புக் கூடுதலாக இருந்தது, அதிலும் 55 வயதுக்குள். வந்த பிறகு மருந்துக்கு முழுதாக அடங்குவதும் இவர்களில் குறைவு. இன்னொரு சிக்கல், முடக்குவாதம் இல்லாத பெண்களிலும் பருமன், இரத்தத்தில் அழற்சியை அளக்கும் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். பரிசோதனைகளின் அளவுகளைக் கூட்டிக் காட்டும். ஆகவே இரத்தப் பரிசோதனைத் துண்டை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது.

இதற்குள் வைத்தியரின் துண்டில்லாமல் வாங்கிப் போடும் ஸ்டீரொய்ட் குளிசை வேறு. வைத்தியர் அளந்து கொடுப்பது வேறு விசயம். தானாக வாங்கிப் போட்டால் வலி பறக்கும், பசி கூடும், உடம்பு வைக்கும். பிறகு அதே உடம்புக்குத்தான் ஏச்சும்.

நடக்கச் சொல்வது சுலபம். கல்லடிக் கடற்கரையில் நடக்கலாம், சரி. வயலோரக் கிராமத்துப் பெண் கட்டாக்காலி நாய்களுக்கு நடுவில் எங்கே நடப்பாள்?

வாதநோய் வைத்திய நிபுணர் ஒருவரிடம் கேட்டு இன்னொரு கட்டுரை போடுங்கள். இரண்டு கைகளிலும் சிறு மூட்டுகள் வீங்கி, காலை விறைப்பு அரை மணித்தியாலத்துக்கு மேல் நீடித்து, இப்படியே வாரக்கணக்கில் போனால், எடை குறையட்டும் என்று காத்திராமல் வாதநோய் கிளினிக்குக்குத் துண்டு கேட்க வேண்டும் என்று அதில் இருக்கட்டும். மூட்டு ஒருமுறை அரித்துவிட்டால் திரும்பி வளராது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பருமனான பெண்ணின் படம் மட்டும் இனி வேண்டாம்.

வாசகி,
களுவாஞ்சிக்குடி.