நாய்க்கான பயண வேலை டிக்கெட்டுக்கு ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டில் குடியேறுகிறவர்கள் வளர்ப்பு நாயையும் விமானத்தில் கூட்டிச் செல்வது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விமானக் கட்டணம், ஏஜென்ட் கேட்கும் தொகை எல்லாம் விரிவாக இருந்தன. அந்தப் பயணத்தில் நாயின் உடம்பு என்ன பாடுபடும் என்பதும், எவ்வளவு முன்கூட்டியே வேலையைத் தொடங்க வேண்டும் என்பதும் அதில் இல்லை. காரைக்குடி வட்டாரத்தில் அரசுக் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இந்த இரண்டையும் எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

செட்டிநாட்டில் இது அடிக்கடி வருகிற பிரச்சினை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று எந்த ஊருக்குப் போனாலும், பெரிய வீட்டில் வயதானவர்கள் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். பிள்ளைகள் சிங்கப்பூரில், அமெரிக்காவில். வீட்டுக்குக் காவலாகவும் பெரியவர்களுக்குப் பேச்சுத் துணையாகவும் ஒரு நாய் முகப்பில் படுத்திருக்கும். ஒருநாள் முடிவாகிவிடும், அப்பச்சியும் ஆத்தாவும் மகனிடமே போய்விடுவது என்று. விசா வாங்கி, டிக்கெட் போட்டு, பாத்திரம் பண்டமெல்லாம் அறையில் வைத்துப் பூட்டிய பிறகுதான் நாயின் நினைவு வரும். "தம்பி, அடுத்த வெள்ளிக்கிழமை ஃப்ளைட்டு. இதுக்கு ஒரு சர்டிபிகேட் மட்டும் குடுத்துருங்க" என்று ஆச்சிமார் எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு எந்த மருத்துவராலும் முறைப்படி அந்தச் சான்றிதழைக் கொடுக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளை எடுத்துக்கொள்வோம். முதலில் நாயின் தோலுக்கடியில், அதை அடையாளம் காட்டும் 15 இலக்க எண் கொண்ட மைக்ரோசிப் வைக்க வேண்டும். அதே நாளிலோ அதற்குப் பிறகோ ரேபிஸ் தடுப்பூசி. ஊசி போட்டு 30 நாளாவது கழிந்த பின் ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நோய் எதிர்ப்பு அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். அந்த முடிவு சரியாக வந்தாலும், இந்தியாவிலிருந்து போகும் நாய் ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். எல்லாம் தடையில்லாமல் நடந்தால்கூடக் குறைந்தது நான்கு மாதம் ஆகிவிடுகிறது.

இதில் வரிசைதான் உயிர். ஆண்டுதோறும் தவறாமல் ஊசி போட்டு, அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. ஆனால் சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி, கணக்கில் வராத ஊசி. எந்த நாய்க்குப் போட்டார்கள் என்று நிரூபிக்க வழியில்லை அல்லவா? தேவகோட்டைப் பக்கம் ஒரு குடும்பத்தில் ஊசி போட்ட பிறகு சிப் வைத்துவிட்டு, ரத்தப் பரிசோதனைக்கும் பணம் கட்டிவிட்டார்கள். தாள்களைப் பார்த்ததுமே, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. பெரியவர்கள் குறித்த நாளில் கிளம்பிப் போனார்கள். நாய் காவல்காரரிடம் தங்கி, மாதங்கள் கழித்துத் தனியாகப் பறந்தது. நாய் வளர்க்கும் ஒவ்வொருவரும், வெளிநாடு போகும் எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும், அடுத்த ரேபிஸ் ஊசிக்கு முன்பாகவே சிப் வைத்துவிடுங்கள்.

அமெரிக்கா போகிறவர்களுக்கு 2024 ஆகஸ்ட் 1 முதல் விதிகள் மாறிவிட்டன. ஆறு மாதம் நிரம்பாத நாய்க்கு அனுமதியே இல்லை. ரேபிஸ் அபாயம் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இருப்பதால், இங்கே ஊசி போட்ட நாய், பதிவுபெற்ற பராமரிப்பு நிலையம் உள்ள ஒருசில விமான நிலையங்களில் மட்டுமே இறங்க முடியும். அந்த நிலையத்தில் முன்பதிவும் செய்திருக்க வேண்டும். மகன் வீட்டுக்குப் பக்கத்து ஊர் என்று பார்த்து டிக்கெட் எடுத்தால் நாய்க்கு அங்கே வாசல் இல்லை. ஆஸ்திரேலியாவுக்கோ இந்தியாவிலிருந்து நேராக நாயைக் கொண்டுபோகவே முடியாது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கோபப்படுகிறார்கள். "முன்தேதி போட்டுக் குடுங்க, யாருக்குத் தெரியப் போகுது" என்று சிலர் கேட்டதும் உண்டு. உலகத்தில் ரேபிஸால் சாகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தியர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெறி பிடித்த நாயையும், அது கடித்துச் செத்த மாட்டையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நோய்க்குறி தெரிந்த பிறகு மனிதரையும் காப்பாற்ற மருந்து கிடையாது. சிங்கப்பூர் 1953 முதல் ரேபிஸ் இல்லாத நாடாக இருக்கிறது. போலித் தாளோடு போகும் ஒரு நாய் அதைக் கெடுத்துவிட முடியும். 2021 ஜூலையில் இந்தியா உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து நாய் வருவதையே அமெரிக்கா நிறுத்தி வைத்ததற்குப் பொய்ச் சான்றிதழ்கள் பெருகியது முக்கியக் காரணம். முன்தேதி கேட்கிறவர், தனக்குப் பின்னால் நேர்மையாக வரப்போகும் எல்லாருடைய வழியையும் அடைக்கிறார்.

இனி பயணம். நாயைச் சரக்கோடு சரக்காகக் காற்றில்லாத இடத்தில் போட்டுவிடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. உயிருள்ள விலங்குகளை வைக்கும் அடித்தளத்தில் பயணிகள் பகுதியைப் போலவே காற்றழுத்தம் உண்டு, வெப்பமும் கட்டுப்படுத்தப்படும். விலங்கு ஏற்றப்பட்டிருப்பதை விமானிக்கு எழுத்துமூலம் தெரிவிப்பார்கள். பெரிய ஆபத்து தரையில் இருக்கிறது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். வெயில் காயும் ஓடுதளத்தில் விமானம் தாமதமாகி, கூண்டு வண்டியிலேயே நின்றால், கூண்டுக்குள் ஈரமும் சூடும் சேர்ந்துவிடும். அப்போது எவ்வளவு மூச்சிரைத்தாலும் சூடு இறங்காது. ஆகவே சித்திரை, வைகாசியில் நாயை அனுப்பாதீர்கள். கோடையில் பல விமான நிறுவனங்கள் நாயை ஏற்றுவதில்லை என்பதற்கும் இதுதான் காரணம். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் இரவில் கிளம்பி, இடையில் விமானம் மாறாமல் போகும் சேவையைத் தேடுங்கள்.

பக், புல்டாக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. அவற்றின் மூச்சுப்பாதை பிறவியிலேயே குறுகல். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010இல் வெளியிட்ட விவரப்படி, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் அங்குள்ள விமான நிறுவனங்கள் தெரிவித்த 122 நாய்ச் சாவுகளில் ஏறக்குறைய பாதி இத்தகைய இனங்கள்தாம். இங்கிலீஷ் புல்டாக் மட்டும் 25, பக் 11. இப்போது காரைக்குடியிலும் பக் வாங்காத தெரு இல்லை. அதன் மூக்கைப் பார்த்துவிட்டுத்தான் பயணத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

"தூக்க மாத்திரை ஒண்ணு குடுத்துட்டா தூங்கிக்கிட்டே போயிரும்ல தம்பி?" என்று கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். மயக்க மருந்து ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் குறைக்கும், உடல் சூட்டைச் சமாளிக்கும் திறனைக் கெடுக்கும், கூண்டு ஆடும்போது நாயால் காலூன்றி நிற்கவும் முடியாது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமும் இதைத் தவிர்க்கச் சொல்கிறது. மருந்து கொடுத்தது தெரிந்தால் விமான நிறுவனமே ஏற்ற மறுக்கும். நாயை அமைதிப்படுத்த ஒரே நல்ல வழி, பயணத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே கூண்டை வாங்கி வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) திறந்து வைப்பது. சோறு அதற்குள், அதன் பழைய விரிப்பு அதற்குள். அதுவாகப் போய்ப் படுத்துத் தூங்கும் அளவுக்குப் பழக்குங்கள். பிறகு கதவைச் சாத்தி, நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

கூண்டு அளவைக் கடைக்காரரிடம் விடாதீர்கள். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதோடு முன்னங்காலின் முழங்கை உயரத்தில் பாதியைக் கூட்டினால் உள்நீளம் கிடைக்கும். உள்ளகலம் தோள் அகலத்தைப்போல் இரு மடங்கு. நின்றால் தலையும் காதும் மேலே இடிக்கக் கூடாது. சப்பை மூக்கு என்றால் ஒரு சுற்றுப் பெரிதாக. நான்கு பக்கமும் காற்று வர வேண்டும். பிளாஸ்டிக் கொக்கியை நம்பாமல் இரும்பு போல்ட் நட்டால் முடுக்குங்கள். மிரண்ட நாய் கதவைக் கடித்துப் பிய்த்துக்கொண்டு ஓடுதளத்தில் இறங்கிவிட்டால் பிடிப்பது பெரும்பாடு. தண்ணீர்க் கிண்ணம் கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து ஊற்றும்படி இருக்கட்டும்.

ஊழியர் கவனக்குறைவும் உயிரை எடுக்கும். 2018 மார்ச்சில் அமெரிக்காவில் யுனைடெட் விமானத்தில் பயணியின் பையிலிருந்த பிரெஞ்ச் புல்டாக் குட்டியைத் தலைக்கு மேலிருக்கும் சாமான் பெட்டிக்குள் வைக்கச் செய்தார்கள். இறங்கும்போது அது செத்திருந்தது. அதே வாரத்தில், கேன்சஸ் போக வேண்டிய ஜெர்மன் ஷெப்பர்ட் நாய் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டது. விமானத்தில் ஏறிய உடனே, என் நாய் கீழே இருக்கிறது, ஏற்றிவிட்டார்களா என்று உறுதி செய்து சொல்லுங்கள் என்று பணிப்பெண்ணிடம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

எல்லா நாயையும் கூட்டிப் போகத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் உண்டு. சிங்கப்பூரில் வீவக என்னும் அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில் ஒரு நாய்தான், அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனம்தான். நம் ராஜபாளையம் நாய்க்கு அங்கே இடம் கிடையாது. பன்னிரண்டு வயதாகி இதயமும் சிறுநீரகமும் தளர்ந்த நாயை, மகனுக்குக் காட்ட வேண்டும் என்பதற்காகக் கடல் கடத்துவதை நான் ஏற்க மாட்டேன். பழகிய காவல்காரரிடமோ பக்கத்து வீட்டிலோ, சாப்பாட்டுக்கும் ஊசிக்கும் மாதாமாதம் பணம் அனுப்பும் ஏற்பாட்டோடு விட்டுச் செல்வதும் பொறுப்பான செயல்தான். பூட்டிய வீட்டு வாசலில் அப்படியே விட்டுப்போவது மட்டும் கூடாது. அப்படி விடப்பட்ட நாய்கள் எலும்பும் தோலுமாகக் கிடந்து, கடைசியில் மருத்துவமனைக்குத் தூக்கி வரப்பட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குடிமாற்றத்தின்பேரில் ஒருவர் இரண்டு வளர்ப்புப் பிராணிகள் வரை கொண்டுவரலாம். வணிக இனப்பெருக்கத்துக்காக நாய் இறக்குமதி செய்வதை 2016இலேயே அரசு தடுத்துவிட்டது. நண்பருக்குப் பரிசாக ஒரு ஹஸ்கி குட்டி என்று யாராவது கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை, தங்கள் இதழ் வழியாக மத்திய அரசுக்கு. நாயை வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் பரிசோதித்து ஒப்புதல் தரும் கால்நடைத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையம் நமக்குச் சென்னையில் இருக்கிறது. காரைக்குடியிலிருந்து அது சுமார் 400 கிலோமீட்டர். விமானம் ஏறும் முன்பே அந்தச் சாலைப் பயணத்தில் நாய் பாதி வாடிவிடுகிறது. திருச்சி விமான நிலையம் எங்களுக்கு இரண்டு மணி நேரத் தூரம், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் தினமும் விமானங்கள் போகின்றன. வாரம் இரண்டு நாளாவது ஓர் அதிகாரி அங்கே வந்து பரிசோதித்து ஒப்புதல் வழங்க ஏற்பாடு செய்தால், சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டக் குடும்பங்களுக்கும் அவர்களுடைய நாய்களுக்கும் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுக் கால்நடை மருத்துவர்,
காரைக்குடி.