நோய்க் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் ஒரே பலகையில் வேண்டும்

சென்னை மாநகராட்சிப் பொதுச் சுகாதார நிலைக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். மாநகராட்சியின் பெருமையைப் பேச யார் மேடையேறினாலும் அது பிறந்த 1688-இல் ஆரம்பித்து ரிப்பன் மாளிகையில் முடித்துவிடுகிறார்கள். சுகாதாரத்துக்காக இந்த ஊரில் நடந்த வேலைகளில் பாதி எங்கள் தெருக்களுக்கு அடியில்தான் கிடக்கிறது; அது யார் பேச்சிலும் வருவதில்லை. அதை ஒருமுறை ஒழுங்காகத் தமிழில் எழுதிவையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். கூடவே இன்னொன்றும் கேட்கப் போகிறேன்.

முதலில் எங்கள் வீட்டு அடிபம்பு. குழாய்த் தண்ணீர் தானாக மேலே ஏறி வராது. ஒரு சொம்புத் தண்ணீரை பம்பின் தலையில் ஊற்றி, வாஷர் நனைந்து பிடித்ததும் விடாமல் அடிக்க வேண்டும். முதல் இரண்டு குடத்தைக் கொட்டிவிட்டு மூன்றாவதைப் பிடிப்பது அம்மாவின் கணக்கு. சில வருஷங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் ஐந்து குடம் கொட்டியும் சாக்கடை வாடை போகவில்லை. அந்த வாரமே எதிர்வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, அப்புறம் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு. சுகாதாரப் பணியாளர் ஒருவர் வந்து சின்னக் கண்ணாடிக் குழாயில் எங்கள் தண்ணீரைப் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். ஆகவில்லை.

யார் மீதும் குறை சொல்ல இதை எழுதவில்லை. குழாயில் அழுத்தம் இல்லாதபோது நாங்கள் அடிக்கிற ஒவ்வோர் அடியும் உறிஞ்சுகிறது. எங்கோ ஓர் இணைப்பு விரிசல் விட்டு, பக்கத்தில் கழிவுநீர் நின்றால் அதையும் சேர்த்துத்தான் இழுக்கும். எங்கள் கையாலேயே நாங்கள் இழுத்துக் குடித்தோம்.

இனி வரலாறு. 1772-இல் தங்கசாலைக்குப் பக்கத்தில் கிணறுகள் தோண்டி, இறைத்த தண்ணீரைக் குழாய் வழியே கோட்டைக்கு அனுப்பினார்கள். ஏழு கிணறு என்ற பெயர் இன்றும் நிற்கிறது. கிணறு எங்கள் பக்கம், தண்ணீர் கோட்டைக்கு! பத்து வருஷம் கழித்து, ஹைதர் அலியோடு நடந்த போரும் பஞ்சமுமாக ஊர் தவித்தபோது மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள். அது வளர்ந்துதான் ஸ்டான்லி ஆனது. எங்கள் பாட்டிமார் கடைசிவரை அதைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றுதான் சொன்னார்கள்.

1864-இல் சென்னை மாகாணத்துக்குச் சுகாதாரக் கமிஷன் வந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சண்டையில் செத்ததைவிட நோயில் செத்தது அதிகம் என்று தெரிந்தபின் பிறந்த அக்கறை அது. நமக்காக வந்ததென்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த நாற்காலியில் நல்ல ஆளும் உட்கார்ந்திருக்கிறார். 1877 பஞ்சத்தில், நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசுமாக, பஞ்சத்தைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தபோது, இதை வைத்துக்கொண்டு உழைக்கிற உடம்பு தாங்காது என்று எதிர்த்து எழுதியவர் சுகாதார ஆணையர் கார்னிஷ். அதிகாரத்தில் இருந்துகொண்டே அதிகாரத்தோடு மல்லுக்கட்டியவர். நீங்கள் எழுதப்போகும் வரலாற்றில் அவருக்கு ஒரு பக்கமாவது கொடுங்கள்.

செங்குன்றம் ஏரித் தண்ணீர் 1872-இல் ஊருக்கு வந்தது. திறந்த கால்வாயில் வந்த அந்தத் தண்ணீரை மணலில் வடிகட்ட 1914-இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1939-இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். குடிநீர், கழிவுநீர், கழிப்பிடம், தொற்றுநோய் எல்லாவற்றையும் ஒரே சட்டத்துக்குள் வைத்தார்கள். பேதியையும் குழாயையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1978-இல் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் தனி வாரியம் அமைத்துச் சட்டம் வந்தது. நோய் மட்டும் உங்களிடம் தங்கிவிட்டது. இவ்வளவு பெரிய ஊருக்கு அப்படி ஒரு வாரியம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குப் புத்தகமும் இரண்டாகிவிட்டது. 1992 கடைசியில் இதே சென்னையில் ஓ139 என்ற புதுக் காலராக் கிருமி தலைகாட்டியது. பழைய காலராவுக்குப் பழகியிருந்த பெரியவர்களின் உடம்பும் அதற்குத் தப்பவில்லை. கிருமி புதிதாக இருந்தாலும் பரவியது பழைய வழியில்தான்.

சரி, கேட்க வந்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலிலும் ஒரு கரும்பலகை வையுங்கள். அந்த வாரம் எந்தத் தெருவில் எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு, எத்தனை பேருக்கு மஞ்சள் காமாலை என்று எழுதுங்கள். யார் பெயரும் வேண்டாம். பக்கத்திலேயே அந்தத் தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் எவ்வளவு என்றும் எழுதுங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். வாரியத்திடம் அந்த அளவைக் கேட்டு வாங்குகிறீர்களோ, உங்கள் ஆட்களே எடுக்கிறார்களோ, எப்படியானாலும் சரி.

எங்கள் தெருவில் கடைசி வீடு எங்களுடையதுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் காலை நாலரைக்குத் தண்ணீர் வரும். கண்ணாடிக் குழாயோடு யாரையாவது அனுப்புங்கள், கதவு திறந்திருக்கும். பம்பை நானே அடித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டைவாசி ஒருவன்