வேற்றுக்கிரக வேட்டைக்காரன் காற்று பார்க்க வேண்டாமா?

வேற்றுக்கிரக வேட்டைப் படங்களை எழுதும், இனி எழுதப் போகும் தமிழ்த் திரைக்கதை ஆசிரியர்களுக்கும் இயக்குநர்களுக்கும்,

வணக்கம். நான் பாம்பனைச் சேர்ந்தவள். கடலோரப் பள்ளி ஒன்றில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போனவர். வானத்திலிருந்து ஒருவன் இறங்கி வந்து மனிதனை வேட்டையாடும் படங்கள் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். இருட்டில் ஏதோ ஒன்று நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்ற அந்தப் பயம் நிஜமானது. அதைப் பாதிப் படத்திலேயே கலைத்துவிடுகிறீர்களே என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், உடம்பெல்லாம் சேறு பூசிக்கிட்டா அதுக்கு நம்மளத் தெரியாதா?"

அவள் எங்கிருந்து கேட்கிறாள் என்று உங்களுக்கே தெரியும். 1987-ல் ஜான் மெக்டியர்னன் இயக்கி அர்னால்டு நடித்த 'பிரிடேட்டர்' படத்தில் வேட்டைக்காரன் உடம்புச் சூட்டைக் கண்ணால் பார்ப்பான். ஆற்றிலிருந்து கரையேறிச் சேற்றில் கிடக்கும் நாயகன் மட்டும் அவன் கண்ணுக்குத் தப்பிவிடுவான். அதற்குப் பிறகு சேறு ஒரு சூத்திரமாகவே ஆகிவிட்டது.

கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்துச் சூடு பார்த்தோமே, அந்தக் கருவி பள்ளி அலமாரியில் கிடந்தது. தோலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரைத்தான் அதுவும் அளக்கிறது. அதாவது உங்கள் வேட்டைக்காரனின் கண்ணும் அதுவும் ஒரே வேலையைச் செய்கின்றன. பொருள்களின் சூட்டை அளக்கும் நிலைக்கு மாற்றி, என் கையில் பிடித்தோம். 33 டிகிரி. ஈரச் சேற்றை அப்பியதும் 28-க்கு இறங்கியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்புறம் வகுப்பு முடியும்வரை காத்திருந்தோம். சேறு காய்ந்து வெடிக்க வெடிக்க எண் ஏறிக்கொண்டே வந்து 32-ல் நின்றது. ஈரம் இருக்கும்வரை அது ஆவியாகிக் குளிர்ச்சி தரும். காய்ந்துவிட்டால் அடியில் இருக்கும் உடம்பே அதைச் சூடாக்கிவிடும். கண்ணும் வாயும் மூச்சும் எப்போதும் திறந்துதான் கிடக்கின்றன. நாயகனுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தைக் காட்டியிருந்தால் எப்படிப்பட்ட காட்சி வந்திருக்கும்! சேறு காய்கிறது, அவனுக்கும் தெரிகிறது, நமக்கும் தெரிகிறது. ஆனால் படத்தில் சேறு காய்வதைப் பற்றிய கவலையே இல்லை.

எங்கள் கரைக்கு வந்தால் சேறே தேவைப்படாது. மே மாத நடுப்பகலில் தனுஷ்கோடி மணல் 50 டிகிரியைத் தொட்டுவிடும். சூட்டைப் பார்க்கும் கண்ணுக்கு மணல் வெளிச்சமாகவும் மனிதன் அதன் மேல் கருத்த நிழலாகவும் தெரிவான். விடியற்காலையில் இதற்கு நேர்மாறு, மணல் இருட்டாகவும் மனிதன் வெளிச்சமாகவும் தெரியும். அப்படியென்றால் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, மணலின் சூடும் மனிதத் தோலின் சூடும் ஒன்றாகும் நேரம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் திறந்த மணல்வெளியில் நிற்கும் ஆள், வெறும் உடம்போடு, வேட்டைக்காரனின் கண்ணிலிருந்து ஏறக்குறைய மறைந்துபோவான். இதை நான் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது வகுப்பில் சத்தமே இல்லை.

தண்ணீரும் அப்படித்தான். ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் போதும், இந்தக் கதிரை விழுங்கிவிடும். சின்னப்பாலத்து அக்காமார்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் கடலடியில் பாசி எடுக்கிறார்கள். முங்கியிருக்கும்வரை அவர்களை அவனால் பார்க்கவே முடியாது. ஓலைத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரையும் பார்க்க முடியாது. ஆனால் உங்கள் படங்களில் அவன் சுவரைத் தாண்டி ஆளைப் பார்க்கிறான். சாதாரண கண்ணாடியைக்கூடத் தாண்டாத கதிர் அது.

அப்புறம், அவனை யார் கண்ணுக்கும் தெரியாமல் மறைக்கும் அந்த மாயப் போர்வை. ஒளியை முழுவதும் தன்னைச் சுற்றி வளைத்து அனுப்பிவிட்டால் உள்ளே இருப்பவனின் கண்ணுக்கு ஒளி எங்கிருந்து வரும்? அவன் குருடனாகத்தான் நிற்க வேண்டும். பின்னால் இருப்பதைப் படம் பிடித்து முன்னால் காட்டுகிறான் என்று வைத்துக்கொண்டால் ஒத்துக்கொள்ளலாம். கணவாய் மீன் கண் இமைக்கும் நேரத்தில் கடலடிப் பாறையின் நிறத்துக்கும் மணல் நிறத்துக்கும் மாறுவதை எங்கள் பிள்ளைகள் பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் கணவாய் நிறத்தை மாற்றினால் மட்டும் போதாது என்று தெரிந்து, அசையாமலும் கிடக்கும். உங்கள் ஆள் ஏழடி உயரத்தோடு மரத்துக்கு மரம் தாவுகிறான். மணலில் கால்தடம் விழாதா? காக்கை கத்தாதா? அந்தப் போர்வையை ஓட்டும் இயந்திரத்தின் சூடு எங்கே போகிறது? சூட்டை வைத்து வேட்டையாடுகிறவன் தானே சூடாக மின்னிக்கொண்டு அலைவதை யாரும் கவனிக்கவில்லை.

உயரத்தைப் பற்றி கலிலியோ 1638-லேயே எழுதிவிட்டார். உருவத்தை இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும், எடையைத் தாங்கும் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். உருவம் பெருக்கப் பெருக்கத் தாவுவது பாடாகிக்கொண்டே போகும். அவன் உடம்பில் ஓடும் ஒளிரும் பச்சை ரத்தமும் எனக்குப் புரியவில்லை. 2019 செப்டம்பரில் நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகி, நாங்கள் தென்கடல் என்று சொல்லும் மன்னார் வளைகுடா பச்சையாகி, மீன் செத்து ஒதுங்கியது. இரவில் அலையை மின்ன வைக்கும் உயிர் அதுதான். வெளிச்சம் உண்டாக்க உயிர்கள் சக்தியைச் செலவழிக்கின்றன, வெளியே யாரோ பார்க்க வேண்டும் என்பதற்காக. யாருமே பார்க்காத உடம்புக்குள் எதற்கு விளக்கு?

எல்லாவற்றையும்விட எனக்கு மனம் ஆறாதது கடைசிக் காட்சி. அணுகுண்டு போல வெடிக்கும் கருவியை அவன் முடுக்கிவிடுகிறான், நாயகன் ஓடித் தப்பிக்கிறான். அப்படிப்பட்ட வெடிப்பின் சூடு ஒளியின் வேகத்தில் வரும், நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். ஓடும் கால் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பின்னால் விழும் கதிரியக்கச் சாம்பலைப் பற்றிப் பேச்சே இல்லை. அதுவரை பயந்துகொண்டிருந்த பிள்ளைகள் அந்த இடத்தில் செல்போனை எடுத்துவிடுகிறார்கள்.

சூரியனுக்கு அடுத்து நமக்குப் பக்கத்து நட்சத்திரமே 4.24 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. 1977-ல் புறப்பட்ட வாயேஜர் 1 போகும் வேகத்தில் அவ்வளவு தூரம் போக 70,000 வருடத்துக்கு மேல் ஆகும். அதைக் கடந்து வந்தவன் ஏன் ஈட்டியைத் தூக்குகிறான் என்று பலர் கேட்கிறார்கள். நான் கேட்க மாட்டேன். வலை இருக்கும்போதும் தூண்டிலோடு உட்காருகிறவர்கள் இங்கே நிறைய. வேட்டையில் ஆசை என்று ஒன்று உண்டு. ஒரே ஒரு நம்ப முடியாததைக் கேளுங்கள், கொடுத்துவிடுகிறோம். அதற்குப் பிறகு நீங்களே போட்ட விதியை நீங்களே மீறக் கூடாது.

ஆயுதத்தை வரைவதற்கு முன்னால் அவனுக்கு எது தெரியும், எது தெரியாது என்று முடிவு செய்யுங்கள். அப்பா வலை விடும் முன் முதலில் காற்றைத்தான் பார்ப்பார், வாடையா, கச்சானா, கொண்டலா என்று. அப்புறம் நீரோட்டம். மீன் எதைக் கேட்கும், எதைக் கண்டு மிரளும் என்பதெல்லாம் அதற்கப்புறம். பாக் நீரிணையில் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) பிடிக்க வெறும் சங்கு ஓடுகளைக் கயிற்றில் கோத்துக் கடலில் இறக்கும் பழைய முறை ஒன்று உண்டு. ஒளிந்துகொள்ளப் பொந்து தேடி அதுவே வந்து உள்ளே உட்கார்ந்துகொள்ளும். இரைக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவன் செய்த பொறி அது. உங்கள் வேட்டைக்காரன் ஒரு முறைகூடக் காற்று பார்த்து நான் கண்டதில்லை.

இங்கே வாருங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் அங்கே இறங்கிப் படம் எடுக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம். கரையில் பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், பாசி எடுக்கும் அக்காமார்கள், சங்கு குளித்த தாத்தாக்கள்.

சேற்றைப் பற்றிக் கேட்ட பிள்ளை நான்கு பக்கத்துக்கு ஒரு காட்சி எழுதிக் கொடுத்திருக்கிறாள். தனுஷ்கோடி, சாயங்காலம். மணலும் தோலும் ஒரே சூட்டுக்கு வருகின்றன. எதிரில் நின்ற பெண்ணை வேட்டைக்காரனுக்குத் திடீரென்று காணவில்லை. அவள் ஓடவில்லை, அலைச் சத்தத்துக்கு நடுவில் மூச்சை அடக்கி நிற்கிறாள், பாசிக்கு முங்குகிற மாதிரி. அவன் முதன்முறையாகக் காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்புகிறான்.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. வந்தால் தருகிறேன்.

அன்புடன்,
பாம்பனிலிருந்து ஓர் அறிவியல் ஆசிரியை