கற்பிட்டியின் பழைய காற்றாலைகளுக்கு 2030க்கு முன் ஒரு முடிவு தாருங்கள்

எரிசக்தி அமைச்சுக்கும், நிலைபெறுதகு வலு அதிகாரசபைக்கும், பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கும்:

கற்பிட்டிக் குடாநாட்டின் மாம்புரியில் முதல் 10 மெகாவாற் காற்றாலை 2010இல் சுழலத் தொடங்கியது. 20 ஆண்டு மின் கொள்வனவு உடன்படிக்கையின் கணக்குப்படி அதன் தவணை 2030இல் முடிகிறது. புத்தளம் கரையோரத்தில் நிற்கும் மற்றவையும் ஒவ்வொன்றாக அதே வாசலுக்கு வரும். பழைய பொறியையே இன்னும் ஐந்தாண்டு ஓட்டுவதா, கழற்றிவிட்டு அதே நிலத்தில் பெரியதை நடுவதா? நடுவதென்றால் அது பழைய உடன்படிக்கையின் நீட்சியா, புதுக் கேள்விப்பத்திரமா? இதை இப்போதே எழுத்தில் சொல்லுங்கள்.

பெரிய பொறி என்றதும் "சிறு மின்னுற்பத்தியாளருக்கான 10 மெகாவாற் வரம்பை மீறுமே" என்பார்கள். மீற வேண்டியதில்லை. அக்காலத்து 1.25 மெகாவாற் பொறியொன்றின் சுழலி விட்டம் 64 மீற்றர். மன்னார் தம்பபவனி காற்றாலையில் 2020இல் நிறுவிய 3.45 மெகாவாற் பொறிக்கு 126 மீற்றர். விட்டம் இரட்டிப்புத்தான், ஆனால் காற்றை வாரும் பரப்பு 3,217 சதுர மீற்றரிலிருந்து 12,469 ஆகிவிடுகிறது. கொள்ளளவு அந்த அளவுக்குக் கூடவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது: சதுர மீற்றருக்குப் பழையதில் 389 வாற், புதியதில் 277. அதனால் மெல்லிய காற்றிலேயே புதியது முழு வலுவை எட்டும். பழைய எட்டைக் கழற்றிப் புதிய மூன்றை நட்டு, கட்டுப்பாட்டுக் கணினியில் 10 மெகாவாற்றுக்கு மட்டுப்படுத்தினால், அதே 33 கிலோவோல்ற் கம்பியில் ஆண்டுக்குக் கூடுதல் அலகுகள் போகும். உயரமும் கைகொடுக்கும். சுழலியின் அச்சு 65 மீற்றரிலிருந்து 100க்கு ஏறும்போது காற்று ஆறு சதவீதம் கூடினாலே, வேகத்தின் மூன்றாம் அடுக்குக் கணக்கில் வலு சுமார் 20 சதவீதம் கூடுகிறது.

ஆனால் பழைய அத்திவாரத்தில் புதிய கோபுரம் ஏறாது. போல்ட் வட்டமும் பொருந்தாது, கவிழ்க்கும் விசையையும் அது தாங்காது. பொறிகளுக்கு இடையில் நான்கு சுழலி விட்டம் விடுவதென்றால், 256 மீற்றர் இடைவெளி 504 ஆகும். புதிய புள்ளிகள் பழைய இடத்தில் விழாது. ஆகவே நில அளவை, குத்தகை எல்லை, சுற்றாடல் அனுமதி எல்லாம் மறுபடி தேவை. "இருக்கிற இடந்தானே" என்று இதைத் தட்டிக்கழித்தால் வேலை நடுவில் நின்றுவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் சோளகம் என்ற தென்மேற்குப் பருவக்காற்று. மே முதல் செப்டெம்பர் வரை கற்பிட்டியில் இறக்கை தூக்க முடியாது. காற்று வினாடிக்கு ஏறக்குறைய 10 மீற்றரைத் தாண்டினால் கிரேன்காரர் கையை விரித்துவிடுவார், அதுதான் சரியும்கூட. வருமானம் வருவதும் அதே மாதங்களில்தான். ஆகவே சோளகம் ஓய்ந்ததும் ஒக்டோபரில் கழற்றத் தொடங்கி, வாடை மழைக்கு இடையில் அத்திவாரம் போட்டு, கொன்கிறீற்று இறுக 28 நாள் விட்டு, ஏப்ரலுக்குள் இறக்கை ஏற்ற வேண்டும். அனுமதிக் கடிதம் ஜனவரியில் வந்தால் ஒரு சோளகம் முழுவதும் போச்சு. பாலாவிச் சந்தியில் 62 மீற்றர் இறக்கை திரும்ப வேண்டுமென்பதால் வீதி அபிவிருத்தி அதிகாரசபையையும் முன்கூட்டியே அழையுங்கள்.

நீட்டிப்புக் கேட்பவர்களுக்குக் கண்ணால் பார்த்து எழுதும் சான்றிதழ் போதாது. உப்புக்காற்றில் கோபுர இணைப்பு போல்ட்டுகள் துருவேறும், இறக்கையின் முன்விளிம்பு தேய்ந்து விளைச்சல் குறையும், கட்டுப்பாட்டு அட்டைகளைச் செய்த நிறுவனமே உற்பத்தியை நிறுத்தியிருக்கும். போல்ட் இழுவிசை, இறக்கையின் அடிப்பகுதி, பிரதான பெயரிங் மூன்றையும் அளந்த அறிக்கை இல்லாமல் ஓராண்டுகூடக் கொடுக்காதீர்கள்.

கழற்றிய இறக்கை கண்ணாடி நாரும் பிசினும் கலந்தது, உருக்க முடியாது. பாலாவியிலேயே சீமெந்துச் சூளை இருக்கிறது. பிசின் எரிபொருளாகும், கண்ணாடி, சீமெந்தாக அரைக்கும் கட்டியான கிளிங்கருக்குள் போகும். தூசு பறக்காதபடி தண்ணீர் பாய்ச்சி, களத்திலேயே அறுக்க வேண்டும். இதற்கான செலவை உரிமையாளரிடம் வைப்புப் பணமாக முன்கூட்டியே வாங்குங்கள். இல்லையென்றால் அவை பனங்காணிகளில் கிடக்கும்.

2025இல் மன்னார் மக்கள் புதுக் காற்றாலைகளுக்கு எதிராக வீதிக்கு வந்தார்கள். ஏற்கெனவே பாதை, கம்பி, உபமின்நிலையம் உள்ள நிலத்தில் கூடுதல் அலகு எடுக்க வழியிருக்கும்போது, புது நிலத்தை முதலில் தேடுவது எங்களுக்கு விளங்கவில்லை. பறவைக் கணக்கெடுப்பு மட்டும் இங்கும் புதிதாக நடக்க வேண்டும். பொறிகள் குறைந்தாலும் இறக்கை நுனி முன்னைவிட உயரத்தில் சுழலும்.

முதல் ஆலையை 2030 ஒக்டோபரில் கழற்றுவதென்றால் விதி 2027க்குள் வர்த்தமானியில் வர வேண்டும். பொறிக்கு ஓடர் கொடுத்து, கப்பலில் வந்து இறங்கவே ஒன்றரை, இரண்டு ஆண்டு போய்விடும்.

இப்படிக்கு,
காற்றாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் உள்ள பொறியியலாளர்கள்,
கொழும்பு